ஹெஸ்டர் லஸ்கமின் புல்

ஹெஸ்டர் லஸ்கம் அச்சுக்கு வரைந்த மட்டக்குதிரைகள் மொத்தம் எத்தனை என்று அவருக்கே தெரியாது. அந்தக் கணக்கை எடுத்தவள் ஷ்ராப்ஷயரில் இருந்த பதினோரு வயதுப் பெண் ஒருத்தி. முந்நூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் ஒன்றுக்குக்கூடக் குளம்பு இல்லை என்பதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

எங்களுக்கு அது பழைய செய்தி. எங்கள் ஊர் நெதர்காம்பில் தபால் அலுவலகத்திலிருந்து மதுக்கடை வரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் எக்ஸ்மூர் மேட்டுநிலத்து ஓரத்து ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. தங்களுக்குள் ஒருவரை ஒருவர் உரித்து உப்பு வைப்பார்கள். வெளியூர்க்காரன் கேட்டால் வாயைத் திறக்கமாட்டார்கள். அதனால் பத்தொன்பது வருடம், பத்தொன்பது புத்தகம், ஹெஸ்டரின் ரகசியம் பத்திரமாக இருந்தது.

அவருடைய அப்பா பார்ன்ஸ்டபிளில் பெண்களுக்கான இடுப்புக்கச்சை விற்றார். மகளுக்குக் கை நன்றாக ஓடுகிறது என்று தெரிந்ததும் கடையின் விலைப்பட்டியலுக்குப் படம் போட வைத்தார். பதினாறு வயதிலிருந்து முப்பது வயது வரை ஹெஸ்டர் கச்சை கட்டிய பெண்களை வரைந்தார். கழுத்திலிருந்து தொடை வரை. கச்சைக்கு மேலும் கீழும் இருப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்பது அப்பாவின் கட்சி. இது பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் காரணங்களில் ஒன்று.

இன்னொரு காரணம் ஒரு பால்வண்டிக் குதிரை. ஹெஸ்டருக்கு ஆறு வயதாக இருந்தபோது அது அவருடைய வைக்கோல் தொப்பியைத் தின்றது. தொப்பி மட்டும் என்றால் பரவாயில்லை, அதன் நாடா தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டிருந்தது. குதிரை தலையைத் தூக்கியபோது ஹெஸ்டரும் கூடவே மேலே போனார். அன்று அவ்வளவு பக்கத்தில் பார்த்த பல்வரிசையை அவர் மறக்கவே இல்லை. தெருவில் குதிரை வந்தால் பக்கத்தில் எந்தக் கடை இருக்கிறதோ அதற்குள் நுழைந்துவிடுவார். நுழைந்த பிறகு சும்மா வரக்கூடாதே என்று ஏதாவது வாங்குவார். எங்கள் தெருவில் குதிரைகள் திரும்பும் முனையில் இருப்பது இரும்புச் சாமான் கடை. ஹெஸ்டர் வீட்டில் பதினேழு எலிப்பொறிகள் இருந்தன. எலி ஒன்றும் இல்லை.

அப்படிப்பட்டவர் குதிரைப் படம் வரைபவராக ஆனது எப்படி என்று கேட்டால், தூரத்தில் இருந்து பார்த்தால் அவருக்குக் குதிரை பிடிக்கும். மிகவும் பிடிக்கும். லாயத்துக் கதவுகள் எங்கள் பக்கம் எல்லாம் இரண்டு பாதிகளாகத்தான் இருக்கும். கீழ்ப்பாதி பூட்டியிருக்கும், மேல்பாதி திறந்திருக்கும், குதிரை அதன் வழியாகத் தலையை நீட்டி ஊர் வேடிக்கை பார்க்கும். ஹெஸ்டர் முற்றத்தின் எதிர்க்கோடியில், வேலிக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, சின்ன பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு வரைவார். காதின் சுழிப்பு, நெற்றியில் விழும் மயிர், மூக்குத் துவாரத்து ஈரம் என்று எதுவும் தப்பாது. ஒரு நாள் பாதிரியாரின் கிழட்டுக் குதிரையை அப்படி வரைந்துகொண்டிருந்தபோது மிசஸ் மியூரியல் கோரிங் அவருக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

மிசஸ் கோரிங் அப்போதுதான் தன் முதல் புத்தகத்தை எழுதி முடித்திருந்தார். டாஃப்னி என்ற பெண்ணும் பட்டன் என்ற மட்டக்குதிரையும். டாஃப்னியிடம் காசு இல்லை. பட்டனிடம் ஒழுக்கம் இல்லை. கடைசி அத்தியாயத்தில் இருவரும் போட்டியில் முதல் பரிசான சிவப்பு ரோசாப்பட்டி வாங்குவார்கள். மிசஸ் கோரிங் பெரிய உருவம். குரல் அதைவிடப் பெரியது. கர்னல் ஒருவரின் விதவை. அவருடைய மட்டக்குதிரைக்கும் கர்னல் என்றுதான் பெயர்.

"நீங்க எனக்குப் படம் போடணும்" என்றார் மிசஸ் கோரிங்.

"நான் கச்சைதான் போடுவேன்" என்றார் ஹெஸ்டர்.

"குதிரைக்கும் கச்சை உண்டு. சேணத்தைக் கட்டுற பட்டை. அதுல ஆரம்பிங்க."

முதல் புத்தகத்தின் முதல் படத்திலேயே பட்டன் முழங்கால் அளவு புல்லில் நின்றது. இரண்டாவது படத்தில் ஓடையில். மூன்றாவதில் சேற்றில். புத்தகம் நன்றாக விற்றது. அதற்குப் பிறகு வருடம் ஒரு புத்தகம், ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும். அவர்கள் ஒருவரை ஒருவர் மிசஸ் கோரிங் என்றும் மிஸ் லஸ்கம் என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். வியாழக்கிழமைதோறும் நாலு மணிக்குச் சேர்ந்து தேநீர் குடித்தார்கள்.

நான் இந்தக் கதைக்குள் வருவது தட்டச்சுக்காரியாக. என் அம்மாதான் ஊர்த் தபால் அலுவலகத்தை நடத்துகிறார். ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, அங்காராவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, நியூசிலாந்தில் ஆட்டு மயிர் கத்தரித்துவிட்டு, ஐம்பத்தெட்டு ஜனவரியில் ஒரு பையோடு திரும்பி வந்தேன். மார்ச்சில் கிளம்பிவிடுவதாக இருந்தேன். அதுவரை சும்மா இருக்காதே என்று அம்மா என்னை மிசஸ் கோரிங்கிடம் தட்டச்சுக்கு அனுப்பினார். இருபதாவது புத்தகம் பாதியில் இருந்தது.

முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். கையெழுத்துப் பிரதியில் எங்கெல்லாம் பட்டன் நிற்கிறதோ அங்கெல்லாம் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வார்த்தை சேர்த்திருந்தது: புல். சில இடங்களில் மூடுபனி. ஒரு கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில் 'இடுப்பளவு உயர்ந்த பசும்புல்லில்' என்று இருந்தது.

"மிசஸ் கோரிங், டிசம்பர்ல இடுப்பளவு புல்லா?"

"நீ போன ஊர்ல எல்லாம் இப்படித்தான் கேள்வி கேட்டியா?"

"ஆமா."

"அதான் எங்கயும் நிலைக்கல. அடி, புல்லுன்னு அடி."

குதிரைக் கதை படிக்கும் பிள்ளைகளைப் பற்றித் தெரியாதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் கடிதம் எழுதுவார்கள். பாராட்டுவதற்கு அல்ல, பிழை சொல்வதற்கு. நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் கடிவாளத்தின் கொக்கி வலப்புறம் இருக்கிறது, இடப்புறம் இருக்க வேண்டும். எண்பதாம் பக்கத்தில் டாஃப்னி ஓட்ஸ் கொடுத்த கையோடு தண்ணீர் காட்டுகிறாள், பட்டனுக்கு வயிற்றுவலி வந்து சாகலாம், அப்போது யார் பொறுப்பு? இப்படி வாரத்துக்குப் பத்துக் கடிதம். அதுவரை எல்லாம் மிசஸ் கோரிங்குக்குத்தான் வந்தது. ஜனவரிக் கடைசியில் வந்த கடிதம் ஹெஸ்டர் பெயருக்கு.

"அன்புள்ள மிஸ் லஸ்கம், எனக்கு வயது பதினொன்று. உங்கள் படங்கள் மிகவும் பிடிக்கும். எனக்குத் தட்டம்மை வந்து மூன்று வாரம் படுக்கையில் இருந்ததால் பத்தொன்பது புத்தகங்களையும் எடுத்து எண்ணிப் பார்த்தேன். பட்டன் புல்லில் நிற்பது நூற்று நாற்பத்தொன்பது முறை. தண்ணீரில் அறுபத்திரண்டு. சேறு, பனி, மூடுபனி எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றெட்டு. இரண்டு முறை காலுக்கு முன்னால் கோழி நிற்கிறது. ஒரு முறை ஒரு தொப்பி கிடக்கிறது. என் கேள்வி: பட்டனுக்குப் பாதம் இருக்கிறதா? இல்லை என்றால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் ஜனவரியில் புல் இவ்வளவு வளர்வதில்லை. என்ன உரம் போடுகிறீர்கள் என்று அப்பா கேட்கச் சொன்னார். இதன் பிரதி ஒன்றைப் பதிப்பகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். இப்படிக்கு, ப்ரூடென்ஸ் ஹாலிவெல்."

அந்தக் கடைசி வரிக்கு முந்தைய வரிதான் வினையாகிப்போனது. லண்டனில் பதிப்பாசிரியர் மிஸ்டர் ஃபாசெட் அதைப் புத்தகக் கடைக்காரர்கள் கூட்டத்தில் படித்துக் காட்ட, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். நான்கு நாளில் அவருடைய கடிதம் வந்தது. இருபதாவது புத்தகத்தின் அட்டையில் பட்டன் ஒரு கல்சுவரைத் தாண்டவேண்டும். வறண்ட மேட்டில். வெயில் நேரத்தில். நான்கு குளம்பும் தெரியவேண்டும். புல், பனி, மூடுபனி, கோழி, தொப்பி எதுவும் கூடாது. பிப்ரவரி பதினைந்துக்குள் படம் வரவேண்டும். மிஸ் லஸ்கமுக்குச் சிரமமாக இருந்தால், பந்தயப் பத்திரிகைகளுக்கு வரையும் இளைஞர் ஒருவர் லண்டனில் தயாராக இருக்கிறார். இந்தப் புத்தகத்துக்கு மட்டுமல்ல, இனி வரும் எல்லாவற்றுக்கும்.

அந்த வியாழக்கிழமை ஹெஸ்டர் தேநீரைத் தொடவில்லை. ஸ்கோன் ரொட்டிக்குள் ஜாம் தடவி, மேலே கிரீம் வைத்து, அதைத் திரும்பவும் தட்டில் வைத்தார்.

"லண்டன்காரர் நல்லா வரைவாராம்" என்றார்.

"பந்தயக் குதிரை வரையறவனுக்குப் பட்டனைப் பத்தி என்ன தெரியும்? பட்டனுக்குத் தொப்பை இருக்கு" என்றார் மிசஸ் கோரிங்.

"அவரு அதை எடுத்துடுவாரு."

"எடுக்கட்டும் பாப்போம்!"

"எனக்கு வேற ஒண்ணும் வரையத் தெரியாது, மிசஸ் கோரிங். கச்சையும் இப்ப யாரும் கட்டறதில்ல. அதை விடுங்க. வியாழக்கிழமை நாலு மணிக்கு நான் எங்க போவேன்?"

மிசஸ் கோரிங் எழுந்தார். கெட்டிலில் தண்ணீர் இருந்தும் இன்னும் தண்ணீர் ஊற்றப் போனார்.

அன்றிலிருந்து பதினைந்து நாள் நெதர்காம்பில் வேறு பேச்சே இல்லை. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். என் அம்மா, தபால்தலையை நக்கிக்கொண்டே, "சுவரைத் தாண்டுறப்ப மேல போயிடுதில்ல? மேகத்துல காலை வைங்க" என்றார். பாதிரியார் ஜெபம் செய்தார். இரும்புக்கடைக்காரர், எலிப்பொறி வியாபாரம் படுத்துவிடுமே என்ற கவலையில், லண்டன்காரனுக்கு மொட்டைக் கடிதம் எழுதலாம் என்றார்.

போட்டோவைப் பார்த்து வரையலாமே என்று நான் சொன்னேன். பத்திரிகைகளில் தேடினோம். தாண்டுகிற குதிரை எதற்கும் குளம்பு இருக்கவேண்டிய இடத்தில் புகை போல ஒரு மங்கல்தான் இருந்தது. அப்போது மிசஸ் கோரிங்குக்கு ஞாபகம் வந்தது: செத்துப்போன கணவரின் மேசையில் ஒரு மைக்கூடு உண்டு. அந்தக் கால அதிகாரிகள் தங்கள் பிரியமான குதிரை இறந்தால் அதன் குளம்பை வெட்டி, வெள்ளி மூடி போட்டு மைக்கூடாக்கி வைத்துக்கொள்வார்கள். அதைத் துடைத்து ஹெஸ்டரிடம் கொடுத்தோம். இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தார்.

படத்தை லாடம் அடிக்கும் ஏமஸ் யெல்லண்டிடம் காட்டினேன். ஏமஸுக்கு வயது அறுபது. அந்தப் பக்கத்துக் குதிரைகளின் பாதம் அத்தனையும் அவர் மடியில் இருந்து எழுந்தவை. ஆணோ பெண்ணோ, மேரி மகாராணியே வந்தாலும், 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். பலகையைக் கைநீளத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு கண்ணு. ஆனா நாலும் இடது முன்னங்கால்."

"அப்படியா?"

"ஒண்ணுல மை வேற சிந்துது."

உண்மைதான். பழக்கதோஷத்தில் ஹெஸ்டர் கண்ணில் பட்டதை எல்லாம் வரைந்திருந்தார். நான்கு மைக்கூடுகள் கல்சுவரைத் தாண்டிக்கொண்டிருந்தன.

பிப்ரவரி பத்து ஆகிவிட்டது. "உயிரோட இருக்கிற குதிரையப் பக்கத்துல போய்ப் பாக்கணும். வேற வழியில்ல" என்றார் ஏமஸ். ஹெஸ்டர் முயன்றார் என்பதைச் சொல்லவேண்டும். மிசஸ் கோரிங்கின் முற்றத்தில், வேலிப் பக்கமிருந்து லாயத்தை நோக்கிப் பன்னிரண்டு அடி எடுத்துவைத்தார். மேல்கதவு வழியாகக் கர்னல் தலையை நீட்டிக் கொட்டாவி விட்டது. பல் எல்லாம் தெரிந்தது. அடுத்த நாள் காலை இரும்புக்கடைக்காரர் தன் கடையில் பதினெட்டாவது எலிப்பொறி விற்றதாகச் சொன்னார்.

நான் முற்றத்தில் நின்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போய்வந்த ஊர்களில் குதிரைக்குப் பாதிக் கதவு வைத்து நான் பார்த்ததில்லை. ஒன்று முழுக்கதவு, இல்லாவிட்டால் ஒரு கயிறு. அதனால்தானோ என்னவோ, பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய கதவு அன்று புதிதாகத் தெரிந்தது. இருபது வருடமாக அந்தக் கதவு ஹெஸ்டருக்குக் குதிரையின் மேல்பாதியை மட்டுமே காட்டிவந்திருக்கிறது. அவருக்குப் பயம் பல்லைப் பார்த்து. பல் இருப்பதும் மேல்பாதியில்.

"ஏமஸ், இந்த மேல்கதவ மூடிட்டு, கீழ்க்கதவத் திறந்து வைக்க முடியுமா?"

ஏமஸ் வாயிலிருந்த ஆணியை எடுத்தார். "எதுக்கு கண்ணு? அப்படி யாரும் செய்யமாட்டாங்க."

"முடியுமா, முடியாதா?"

"முடியும். குறுக்க ஒரு கட்டை போட்டா வெளிய வரமாட்டான். ஆனா உள்ள இருட்டாயிடும். இருட்டுல கர்னல் நிக்கமாட்டான். யாராவது முன்னால நின்னு கடிவாளத்தப் பிடிச்சு ஏதாவது ஊட்டிக்கிட்டே இருக்கணும். நான் பின்னால காலத் தூக்கிப் பிடிக்கணுமே."

"நான் பிடிக்கிறேன்" என்றேன்.

"நீ வெளிய இருந்து அவங்களப் பிடி" என்றார் மிசஸ் கோரிங். எங்களுக்குப் பின்னால் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "என் குதிரை. நான் பிடிக்கிறேன்."

ஏமஸ் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஏனென்றால் நெதர்காம்பில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வெளியே சொல்லாத இரண்டாவது விஷயம் ஒன்று இருந்தது. மிசஸ் கோரிங் லாயத்துக்குள் காலடி வைத்ததே இல்லை. கர்னலுக்கு ஜன்னல் வழியாகச் சர்க்கரைக்கட்டி எறிவார், அவ்வளவுதான். அவருடைய பத்தொன்பது புத்தகங்களிலும் குதிரை தாண்டும் இடம் வந்தால், 'டாஃப்னி கண்களை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது சுவர் பின்னால் இருந்தது' என்றுதான் வரும். நடுவில் என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது.

"உங்களுக்கு நிச்சயமா, மேடம்?" என்றார் ஏமஸ்.

"பத்தொன்பது வருஷமா அவங்க காலுக்கு நான் புல்லு வளத்தேன். இன்னிக்கு ஒருநாள் புல்லில்லாம நிக்கிறேன். கட்டையப் போடுங்க."

மறுநாள் காலை பத்து மணி. மேல்கதவு மூடியிருந்தது. கீழ்க்கதவு திறந்திருந்தது. கற்கள் பாவிய முற்றத்தில் பழைய கம்பளி விரித்து, ஹெஸ்டர் அதன்மேல் குப்புறப் படுத்திருந்தார். முன்னால் வரைபலகை. நான் அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓடிவிடக்கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டது. ஒரு கெஜ தூரத்தில், கதவின் நிழலுக்குக் கீழே, நான்கு குளம்புகள். கூடவே ஏமஸின் பூட்ஸ் இரண்டு. மிசஸ் கோரிங்கின் ஷூ இரண்டு: பழுப்புத் தோல், தடித்த அடி, ஆண்கள் அளவு, வருடத்துக்கு மூன்று முறை மெழுகு போட்டது.

"தெரியுதா மிஸ் லஸ்கம்?" என்றது உள்ளிருந்து மிசஸ் கோரிங்கின் குரல். வழக்கத்தைவிட இரண்டு சுருதி மேலே இருந்தது.

"தெரியுது" என்றார் ஹெஸ்டர், மெதுவாக. "அழகா இருக்கே! இது என்ன, நடுவுல முக்கோணமா?"

"தவளைன்னு சொல்லுவோம் கண்ணு" என்றார் ஏமஸ், ஒரு காலை மடக்கித் தூக்கிக் காட்டி. "அதுலதான் அதிர்ச்சி எல்லாம் வாங்கிக்கும். ஆணி எண்ணிக்கோங்க. வெளிப்பக்கம் நாலு, உள்பக்கம் மூணு."

"ஏன் உள்பக்கம் மூணு?"

"எங்கப்பா மூணு அடிச்சாரு."

பென்சில் ஓடத் தொடங்கியது. என் பிடி தேவைப்படவில்லை, விட்டுவிட்டேன். அவர் கவனிக்கவில்லை. உள்ளே மட்டும் நிலைமை வேறாக இருந்தது.

"மிஸ்டர் யெல்லண்ட், என் கழுத்துத்துணிய விடுங்க!"

"நான் பின்னால இருக்கேன் மேடம். அது கர்னல்."

"இவ்வளவு காரட் தின்னுட்டு துணியும் வேணுமா அவனுக்கு?"

"காரட் தீந்துபோச்சுன்னு அவனுக்குத் தெரியும்."

"மிசஸ் கோரிங், கொஞ்சம் ஆடாம நில்லுங்க" என்றார் ஹெஸ்டர். "நிழல் நகருது."

"நானா ஆடுறேன்? லாயமே ஆடுது!"

நான்கு கால்களையும் ஏமஸ் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். மூன்று முடிந்தது. நான்காவது பாதியில் இருக்கும்போது கர்னலுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கவேண்டும். மேலே அடைத்திருந்தால் கீழே திறந்திருக்கும் அல்லவா? கட்டைக்கு அடியில் முதலில் ஒரு சாம்பல்நிற மூக்கு வந்தது. பிறகு முழுத் தலையும் வந்தது. மிசஸ் கோரிங்கின் கழுத்துத்துணி பாதி வாயிலும் பாதி வெளியிலுமாகத் தொங்கியது. ஹெஸ்டரின் முகத்துக்கும் அந்தப் பல்லுக்கும் நடுவில் ஒரு ஜாண் இடம்கூட இல்லை. அவர் தலையில் தொப்பி இருந்தது. வைக்கோல் தொப்பி இல்லைதான், ஆனாலும் தொப்பி.

நான் அவர் கணுக்காலைத் திரும்பப் பிடித்தேன். ஏமஸ், காலைத் தூக்கியபடியே, "யாரும் அசையாதீங்க" என்றார்.

ஹெஸ்டர் கர்னலைப் பார்த்தார். கர்னல் ஹெஸ்டரைப் பார்த்தது.

"தள்ளு" என்றார் ஹெஸ்டர். "வெளிச்சத்த மறைக்கிற."

கர்னல் தள்ளவில்லை. ஹெஸ்டர் இடது கையால் அதன் மூக்கை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, எட்டி அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வரைந்தார்.

"மியூரியல்! இவன் மூஞ்சிய மேல எடுங்க. பின்னங்கால் இன்னும் ரெண்டு ஆணி பாக்கி."

இருபது வருடத்தில் முதல்முறையாக வந்த அந்தப் பெயரை நானும் ஏமஸும் கேட்டோம். கூப்பிட்டவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"எடுக்கிறேன் ஹெஸ்டர்" என்றது உள்ளிருந்து ஒரு சிறிய குரல். அவ்வளவு சிறிய குரல் மிசஸ் கோரிங்கிடம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

இரண்டு நாளில் அட்டைப்படம் முடிந்தது. பதினான்காம் தேதி மதியத் தபாலில் அம்மா அதைத் தன் கையாலேயே மூட்டைக்குள் வைத்தார். ஊர் முழுவதும் காத்திருந்தது. பதினெட்டாம் தேதி தந்தி வந்தது. தந்தியை வாங்கி எழுதிக்கொண்டது அம்மா என்பதால், ஹெஸ்டருக்குப் போவதற்கு முன்பே அது மதுக்கடைக்குப் போய்விட்டது: 'குளம்பு அபாரம். அட்டை ஏற்பு. லண்டன் இளைஞர் வேண்டாம்.'

அன்று மாலை ஏமஸ் எல்லோருக்கும் ஆப்பிள் மதுவான சைடர் வாங்கிக் கொடுத்தார். தன் வாழ்க்கையில் முதல்முறையாக என்று சொல்கிறார்கள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் ஜூன் மாதம் திருத்தம் பார்க்கச் சோதனை அச்சுப்பிரதி வந்தது. அட்டையை மேசைமேல் விரித்து நாங்கள் மூவரும் பார்த்தோம். கல்சுவர். வெயில். சுவருக்கு மேலே பட்டன், தொப்பையோடு. நான்கு குளம்பும் நான்கு விதமாக, ஒவ்வொன்றிலும் ஏழு ஆணி. மேலே டாஃப்னி, கண்ணை விரியத் திறந்துகொண்டு. அங்கவடியில் அவளுடைய கால்.

முதலில் பார்த்தது நான்தான். பிறகு மிசஸ் கோரிங் பார்த்தார். பிறகு தன் காலைக் குனிந்து பார்த்தார்.

ஹெஸ்டர் கண்ணில் பட்டதை எல்லாம் வரைபவர் என்று சொன்னேன் அல்லவா? பன்னிரண்டு வயது டாஃப்னி, ஒல்லிக் காலோடு, பழுப்புத் தோலில் தடித்த அடி வைத்த ஆண்கள் அளவு ஷூ போட்டுச் சுவரைத் தாண்டிக்கொண்டிருந்தாள். ஷூ கயிற்றின் இரட்டை முடிச்சுகூட அப்படியே இருந்தது.

"ஐயோ" என்றார் ஹெஸ்டர். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "இதை ஷ்ராப்ஷயர் பொண்ணு பாத்துடுவா. ஃபாசெட்டுக்கு எழுதுவா. அந்த லண்டன்காரர்..."

"ஹெஸ்டர், கேக் சாப்பிடு" என்றார் மிசஸ் கோரிங். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஃப்ரெடா, ஏழாவது அத்தியாயம் இன்னும் திருத்தலாமில்ல?"

"திருத்தலாம்."

"அடி. 'அன்று காலை டாஃப்னியின் பூட்ஸ் ஒன்றை நாய் ஒளித்துவைத்துவிட்டது. தேட நேரமில்லை. வாசலில் கிடந்த அத்தையின் ஷூவுக்குள் காலை விட்டுக்கொண்டு அவள் ஓடினாள். அத்தையின் பாதம் பெரியது. மனமும் அப்படித்தான்.'"

அடித்தேன். கடைசி வாக்கியம் வேண்டுமா என்று கேட்கலாம் என்று நிமிர்ந்தேன். மிசஸ் கோரிங் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, முற்றத்தில் இல்லாத எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.

புத்தகம் நவம்பரில் வந்தது. நான் மார்ச்சில் போயிருக்க வேண்டியவள், அந்த மார்ச் எப்போது போனது என்றே தெரியவில்லை. புத்தாண்டு கழிந்து முதல் வியாழக்கிழமை, மூவரும் தேநீரில் இருந்தபோது, அம்மா மழையில் நனைந்துகொண்டே கடிதத்தைக் கொண்டுவந்தார். ஷ்ராப்ஷயர் முத்திரை. ஹெஸ்டர் பிரிக்கவில்லை. மிசஸ் கோரிங் பிரித்துப் படித்தார்.

"அன்புள்ள மிஸ் லஸ்கம், எனக்கு இப்போது வயது பன்னிரண்டு. குளம்புகள் மிகவும் நன்று. ஆணிகளை எண்ணினேன், சரியாக இருக்கின்றன. எங்கள் லாடக்காரரிடம் காட்டினேன், அவர் தொப்பியைக் கழற்றினார். ஆனால் மிசஸ் கோரிங்கிடம் ஒரு கேள்வி. டாஃப்னி அத்தையின் ஷூவைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அதே அத்தியாயத்தில் நான்கு பக்கம் தள்ளி, அத்தை போட்டி நடக்கும் இடத்துக்கு நடந்தே வந்து கைதட்டுகிறாள். அவள் காலில் என்ன போட்டிருந்தாள்?"

மிசஸ் கோரிங் கடிதத்தை மடித்துத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார்.

"வெறுங்காலோட வந்தா" என்றார் மிசஸ் கோரிங், முடிவாக. "மூணு மைல். பாசத்துல. அடுத்த புத்தகம் அதுலதான் ஆரம்பிக்குது. ஃப்ரெடா, பேப்பர் மாட்டு. ஹெஸ்டர், முதல் படம் அத்தை. மேட்டு வழியா வெறுங்காலோட நடந்து வரா."

ஹெஸ்டர் பென்சிலை எடுத்தார். சீவினார். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தார். கச்சைப் பெண்களை வரைந்த பதினாலு வருடமும் அவர் கண்முன் போயிருக்கவேண்டும்.

"மியூரியல்" என்றார்.

"சொல்லு."

"புல்லு மட்டும் கொஞ்சம் உயரமா இருக்கட்டுமே."